வேற வேற குரூப்பு

எங்கள் போடியில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் தூக்கிவிட ஒருவர் வருவார், காரணம் சொல்லத் தெருவே வரும். சின்ராசின் மகள் தமிழினி விழத் தொடங்கிய நாளிலிருந்து காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. கால் நரம்பு சுருண்டுவிட்டது என்றார்கள். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை விற்றுத் தின்றதுதான் என்றார்கள். கண்ணின் வெள்ளையில் சிவப்பாக நூல் நூலாக நரம்பு படர்ந்திருந்ததைப் பார்த்து உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் கொடு என்றார்கள். மாதம் தவறாமல் வந்த சளிக்கும் காதில் வடிந்த சீழுக்கும் தனித்தனி வைத்தியம் இருந்தது. எல்லாம் ஒரே காரணமாக இருக்கக்கூடும் என்று சொல்ல மட்டும் ஆளில்லை.

நடை பழகும் வயதில் எந்தப் பிள்ளைதான் தள்ளாடாது? இவள் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் தள்ளாடினாள். வேடிக்கை என்னவென்றால், ஓடச் சொன்னால் எப்படியோ ஓடிவிடுவாள். சும்மா நில் என்றால்தான் விழுவாள். பேச்சும் இழுவை. "அப்பத்தா" என்று அவள் கூப்பிட்டு முடிப்பதற்குள் அப்பத்தா அடுப்படிக்குப் போய்த் திரும்பிவிடலாம். ஆனாலும் முடிக்காமல் விடமாட்டாள். வாய்த்துடுக்கில் அந்தப் பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை.

சின்ராசுக்கு ஜீப்பு ஓட்டுகிற சோலி. வெளுக்கும் முன்னே தெருத்தெருவாக ஆரன் அடித்து, ஏலக்காட்டுக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுச் சோதனைச்சாவடி தாண்டித் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே பெண்களை ஈரச் சேலையோடும் அட்டைக்கடியோடும் இறக்கிக் கொண்டுவர வேண்டும். பின்பக்கம் எத்தனை பேர் உட்காரலாம் என்பது சட்டத்துக்கு ஒரு கணக்கு, சின்ராசுக்கு ஒரு கணக்கு. அமுதவள்ளியும் ஒரு காலத்தில் அந்த லோடில் நசுங்கிக்கொண்டு போனவள்தான்.

தமிழினி வயிற்றில் இருந்தபோதும் அவள் காய் எடுக்கப் போனாள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தாலும் காய் என்னவோ தூரில்தான், தரையோடு கொடிபோல ஓடும் சரத்தில் காய்க்கும். குத்துக்காலிட்டு, முகத்தைத் தூருக்குள் விட்டுத்தான் பறிக்க வேண்டும். அந்த வருஷம் பூச்சி அதிகம். மருந்தடித்த ஈரம் காயுமுன்னே ஆட்களைக் காட்டுக்குள் இறக்கினார்கள். வாடை தாங்காமல் வாந்தி எடுத்தாள், மறுநாளும் போனாள். பிள்ளை விழத் தொடங்கியபோது அந்த வாடைதான் அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சின்ராசுக்கும் அதே நினைவுதான், அவளை ஏற்றிப் போனது அவன் வண்டியல்லவா. அவனும் சொல்லவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பழியை வருஷக்கணக்கில் அடைகாத்தார்கள்.

சின்ராசின் தாய் பெரியம்மாள் லில்லியம்மாவின் ஏலக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று கை தன்பாட்டுக்குப் பிரித்துப் போட, வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். மலைவேலையை விட்டபிறகு அமுதவள்ளியும் அங்கேதான் உட்கார்ந்தாள். பள்ளி இல்லாத நாளில் பிள்ளையும் கூட வரும். லில்லியம்மா நாலைந்து நாள் பிள்ளையைக் கவனித்துவிட்டு ஒருநாள் பெரியம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"இது சூடும் இல்ல, சாமிக்குத்தமும் இல்ல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நரம்புக்கும் மூளைக்கும் பாக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"வெந்தயம் குடுத்து இப்பக் கொஞ்சம் தேவலைம்மா."

"வெந்தயத்தத் தோசைக்குப் போடு. நாளைக்கே போகச் சொல்லு."

முதலாளியம்மா பேச்சைத் தட்ட முடியாமல் போனார்கள். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பி, காத்திருந்து, சித்திரை முடிகிற வாக்கில் பதில் வாங்கப் போனார்கள். டாக்டர் பியூலா நடுத்தர வயசுக்காரி. அவசரப்படாதவள். தமிழினிக்கு ஒரு பந்தைக் கொடுத்து நர்சோடு அனுப்பிவிட்டு, இருவரையும் எதிரில் உட்காரவைத்தாள்.

"உங்க பொண்ணு உடம்புல ஒரு ஜீன் வேலை செய்யல. பொறக்கும்போதே அப்படித்தான். நோய எதிர்க்கிற வெள்ளை அணு இருக்குல்ல, அது வளரும்போது தன்னோட ஜீனைத் தானே அங்கங்க வெட்டி, வேற மாதிரி சேத்து ஒட்டிக்கும். அப்படி ஒட்டினாத்தான் ஒவ்வொரு கிருமிக்கும் ஏத்த ஒவ்வொரு அணு தயாராகும். வெட்டின எடத்தச் சரி பண்ண ஒரு புரதம் வேணும். அது இவளுக்கு இல்ல. அதனால அணுக்கள் பாதி வளர்ச்சியிலயே நின்னு போகுது. சளியும் காதும் விடாம வர்றது அதனாலதான்."

"அப்ப விழுறது?" என்றாள் அமுதவள்ளி.

"பின்மண்டையில சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு. ஒடம்பு சாயாமப் பாத்துக்கிறது அதுதான். அந்த செல்களையும் பழுதுபாத்துக் காப்பாத்த இதே புரதம் வேணும். அது இல்லாம அங்கயும் கொஞ்சங் கொஞ்சமாத் தேயுது. கண்ணுல தெரியிற சிவப்பு நரம்பும் இதே நோயோட அடையாளந்தான்."

சின்ராசு தலையைச் சொறிந்தான். "எஞ்சினையும் ஸ்டியரிங்கையும் பாக்க ஒரே மெக்கானிக்கு. அந்த ஆளு சோலிக்கே வரல. அப்படிங்களா மேடம்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"வேற மெக்கானிக்க வைக்க முடியாதா?"

"இன்னைக்கு முடியல. தேய்மானத்தத் திருப்புற மருந்து இன்னும் வரல. சளி பிடிக்காமப் பாத்துக்கலாம். எதிர்ப்புச் சத்த மாசாமாசம் ஊசி மூலமா ஏத்தலாம். கை காலுக்கும் பேச்சுக்கும் பயிற்சி குடுக்கலாம். எங்க போனாலும் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன்னு சும்மா எடுக்க விடாதீங்க. கதிர் பட்டா ஜீன்ல வெட்டு விழும், இவளுக்கு அதச் சரி பண்ண ஆள் இல்ல." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினாள். "வளர வளர நடக்கிறது கஷ்டமாகும். சக்கர நாற்காலி வேண்டிவரும். இப்பவே சொல்லிடுறேன், பின்னால நீங்க திடுக்கிடக் கூடாது."

அமுதவள்ளிக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்து போக முடியாது.

"மாசமா இருக்கையில மருந்தடிச்ச காட்டுல காய் எடுத்தேன் மேடம்."

"அதனால இல்லம்மா."

"வாந்தியெல்லாம் எடுத்தேன்."

"அந்த மருந்து நல்லதில்லதான். ஆனா இது அதனால வரல. உங்க ரெண்டு பேருக்கும் அந்த ஜீன்ல ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. ஒண்ணு நல்லா இருக்கப்போய் உங்களுக்கு ஒண்ணும் தெரியல. பழுதான ரெண்டும் ஒண்ணாச் சேந்து இவளுக்கு வந்திடுச்சு. சொந்தத்துல கட்டினீங்களா?"

"என் அத்தை மகந்தான்."

"தாத்தா பாட்டி ஒண்ணுன்னா ஒரே பழுது ரெண்டு பக்கமும் வர வாய்ப்பு கூட. நீங்க செஞ்ச தப்புன்னு எதுவுமே இல்ல."

அமுதவள்ளி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் பார்த்தால் சின்ராசும் அழுதுகொண்டிருந்தான். "நாந்தான் மேடம் வண்டியில ஏத்திட்டுப் போனேன்" என்றான் அவன், யாரும் கேட்காமலே. பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் என்று கேட்ட அதே நாற்காலியில் தங்கள் பழி இறங்கியதற்காகவும் அழ வேண்டியிருந்தது. அதில் அவர்களுக்கு வெட்கமாகவும் இருந்தது.

எழும்போது டாக்டர் கேட்டாள். "உங்க சொந்தத்துல வேற யாரும் சொந்தத்துலயே கட்டப் போறாங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவணியில் கல்யாணம். சின்ராசின் தங்கை சுஜாதாவுக்கும் அமுதவள்ளியின் தம்பி வெள்ளைத்துரைக்கும்.

பெரியம்மாளின் உடன்பிறந்த அண்ணன் சீனிச்சாமி. அவர் மகள்தான் அமுதவள்ளி, மகன் வெள்ளைத்துரை. பெண்ணெடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பது என்று அண்ணனும் தங்கையும் பிள்ளைகள் தவழ்ந்த காலத்திலேயே பேசிவைத்தார்கள். சாகும்போதும் சீனிச்சாமி அதைத்தான் கேட்டார், பெரியம்மாள் கையில் அடித்துக் கொடுத்தாள். பெரியவர்கள் பேசிவைத்ததில் பாதி, பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் முறிந்துபோகும். இங்கே நேர்மாறு. வெள்ளைத்துரை மலையிலிருந்து இறங்கினால் முதலில் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குத்தான் போவான். ஜெராக்ஸ் எடுக்க அவனிடம் ஒரு தாளும் இருக்காது. அங்கே வேலை பார்த்த சுஜாதாவும் எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டாள்.

டாக்டர் விவரமாகச் சொன்னாள். அந்த இருவருக்கும் இதே பழுது இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இந்த நோய் வர வாய்ப்பு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் பயமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்ராசு செய்த காரியம் இருக்கிறதே, அதைச் சின்ராசு மட்டும்தான் செய்வான். நோவையெல்லாம் சொன்னான், பின்மண்டை, வெள்ளை அணு எல்லாம் ஓரளவு சரியாகவே சொன்னான். கல்யாணத்துக்கு வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த ரெண்டு பேருக்கும் ரத்தம் பாக்கச் சொல்றாக ஆத்தா" என்று அதோடு முடித்துவிட்டான்.

"ரத்தந்தான? பாத்துட்டாப் போச்சு" என்றாள் பெரியம்மாள்.

மறுநாள் கிட்டங்கிக்கு லீவு போட்டாள். மருமகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கடைக்குப் போனாள். சொந்தத்தில் கட்டினால் ரத்தக் குரூப்பு ஒன்றாக இருக்கக்கூடாது, வேறாக இருந்தால் தோஷமில்லை என்பது எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடிக்கும் முன் பார்க்கும் பதினோராவது பொருத்தம். படித்தவர்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும். சாயங்காலம் அவள் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏ அமுதா, இவளுக்கு ஓ-வாம், ஒந்தம்பிக்குப் பி-யாம். வேற வேற குரூப்பு! எங்கண்ணன் மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. பாசிப்பருப்ப வறு, பாயசம் வைப்போம்."

அமுதவள்ளி பருப்பை வறுத்தாள். வெல்லம் தட்டினாள். லில்லியம்மா கொடுத்திருந்த ஏலக்காயில் நாலைப் பொடித்துப் போட்டாள். பக்கத்து வீட்டுச் சோணை மனைவி வரைக்கும் டம்ளர் போனது. பரிசம் போட நாள் பார்த்தாகிவிட்டது. சுஜாதா தமிழினியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் ஊட்டினாள். அந்தப் பிள்ளை தானாகச் சாப்பிட்டால் பாதி சட்டையில் சிந்தும். சுஜாதா ஊட்டினால் ஒரு சொட்டும் வீணாகாது. அமுதவள்ளி அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். பாயசம் அவளுக்கு இறங்கவில்லை.

வாசலில் ஜீப்பு துடைத்துக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள்.

"நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

"என்னத்த?"

"டாக்டர் சொன்னது இந்த டெஸ்டா? நமக்கென்ன ஒரே குரூப்பா? எனக்கு ஏ, உங்களுக்குப் பி. பிரசவத்தப்பவே எழுதிக் குடுத்தாகள்ல. வேற வேற குரூப்புன்னா ஒண்ணும் வராதுன்னா, நம்ம புள்ள ஏன் விழுகுது?"

சின்ராசு துணியைப் பிழிந்தான். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தான்.

"தெரியும் புள்ள. ஆத்தா இம்புட்டு சந்தோசமாச் சிரிச்சுப் பாத்து வருசமாச்சு. எப்படிச் சொல்றதுங்கிற?"

"வாயாலதான்."

"சொன்னா என்னன்னு சொல்லணும்? நம்ம தமிழினி மாதிரி ஒண்ணு பொறந்துரும், அதனால கட்டாதீகன்னு சொல்லணும். நம்ம புள்ளையவே காட்டி, இது மாதிரி வேண்டாம்னு சொல்லணும். ஒனக்கு வாய் வருமா? எனக்கு வரல."

அவளுக்கும் வரவில்லை. அதனால்தான் பாயசம் கிண்டினாள். ஒரு மாதம் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு காய் பொறுக்கினாள். பச்சையில் வெளுத்ததும் வெளுத்ததில் வெடித்ததுமாகக் கலந்துபோய் மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள். அவளுக்கு நான் பரிந்து பேசுவேன். பெற்ற பிள்ளையை முன்னால் நிறுத்தி, இவளைப்போல் இன்னொன்று வேண்டாம் என்று சொல்வது எந்தத் தாய்க்கும் லேசான காரியமில்லை.

வைகாசி கடைசி. மழைக்கு முன் மலையில் நிழல் மரங்களைக் கவாத்துப் பண்ணும் நேரம். ஏலத்துக்கு வெயிலும் ஆகாது, ஒரேயடியாக இருட்டும் ஆகாது. மரத்தின் உச்சிக்குப் போய்க் கிளையைக் கழித்து, வெளிச்சத்தை அளவாக உள்ளே விட வேண்டும். வெள்ளைத்துரை அதில் கெட்டிக்காரன். அந்த நாட்களில் தோட்டத்து ஆட்கள் தங்கும் லயத்திலேயே தங்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சின்ராசு கிளம்பினான். அமுதவள்ளி தம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஏறினாள். தமிழினி தன்னையும் தூக்கச் சொல்லி ஏறினாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று சுஜாதாவும் ஏறினாள். யாரைப் பார்க்க ஏறினாள் என்று யாரும் கேட்கவில்லை.

மேலே குளிர். பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து மரத்துக்கு மரம் தங்கிப் போனது. சந்தனவேம்பு ஒன்றின் உச்சியில், இடுப்பில் கயிற்றோடு வெள்ளைத்துரை நின்றுகொண்டிருந்தான். அவன் வெட்டிய கிளை செடிமேல் விழாமல் கயிற்றில் இறங்கியது.

"மாமாஆ" என்று தமிழினி இழுத்தாள்.

"யாரு, என் மருமகளா? கொஞ்சம் தள்ளி நில்லு தங்கம், கெளை வருது. அக்கா, என்ன அதிசயமா மலைக்கு வந்துருக்க?"

"கீழ எறங்கு, சொல்றேன்."

"இன்னும் ரெண்டு கெளைதான். அங்கிருந்தே சொல்லேன், காது கேக்குது."

"எறங்குடா."

அந்தக் குரலுக்கு அவன் இறங்கிவிட்டான். அரிவாளை மரத்தில் கொத்தி நிறுத்திவிட்டு வந்தான். கங்காணியின் மலையாளத்து மனைவி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து, "குடிக்கு சேச்சி" என்று கொடுத்துவிட்டுப் போனாள். விழுந்துகிடந்த மரத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுஜாதா தமிழினியை இடுப்போடு பிடித்துத் தன் பக்கம் இருத்திக்கொண்டாள். சின்ராசு மட்டும் ஜீப்பை விட்டு வரவில்லை.

அமுதவள்ளி சொன்னாள். குரூப்பு பார்த்தது இதற்கில்லை என்று சொன்னாள். அப்பனும் அத்தையும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், அவர்கள் வழியாக அந்தப் பழுது தனக்கும் தன் புருஷனுக்கும் வந்தது, உங்கள் இருவருக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். டீ ஆறிப்போனது.

வெள்ளைத்துரை கையில் அப்பியிருந்த மரப்பாலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். சுஜாதாவுக்குத்தான் கோபம் வந்தது.

"இருந்தா இருந்துட்டுப் போகுது மதினி. இதுக்காகக் கல்யாணத்த நிறுத்துவாகளா? தமிழினி மாதிரி பொறந்தா நான் வளக்க மாட்டேனா? இவள நான் வளக்கல? குளிப்பாட்டல? ஊட்டல? ஒருநாளாச்சும் மொகம் சுளிச்சிருக்கேனா?"

"இல்லத்தா."

"அப்புறம் என்ன?"

"நீ வளத்துருவ. என்னவிட நல்லா வளப்ப. எனக்கு அதுல சந்தேகமே இல்ல." அமுதவள்ளியின் குரல் உடைந்தது. "நாம வளக்கிறதப் பத்திப் பேசலடி. அது படுறதப் பத்திப் பேசுறேன். ஓடி வெளையாடுற புள்ளைகளப் பாத்துக்கிட்டு ஓரமா ஒக்காந்துருக்கும். காது வலிக்குதுன்னு விடிய விடிய அழும். இன்னும் கொஞ்ச நாள்ல நடக்க முடியாதாம். தெரியாமப் பெத்த எனக்கே அதப் பாக்கையில நெஞ்சு வெடிக்குது. தெரிஞ்சே பெத்துட்டு நீ எப்படிடி பாப்ப? இவள மாதிரி இன்னொண்ணு வேண்டாம் சுஜாதா. வேண்டாம்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். தமிழினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்மா" என்றாள் அவள். அடுத்த சொல் வர நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை. "நான்… வேண்டாமா?"

அமுதவள்ளி மண்ணில் முட்டிபோட்டுப் பிள்ளையின் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ வேணும் தங்கம். நீ எனக்கு எப்பவும் வேணும். நீ விழுறதுதான் வேண்டாம். ஒனக்கு வலிக்குதுல்ல, அதுதான் வேண்டாம்."

"முட்டி வலிக்கும்" என்று தமிழினி ஒத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். "அத்தை பாப்பாவுக்கும் வலிக்குமா?"

"வலிக்குமா வலிக்காதான்னு மதுரையில கேக்கணும்."

"அப்பக் கேளுங்க" என்றாள், ஏதோ பெரிய மனுஷி மாதிரி.

சுஜாதா எழுந்து செடிகளுக்குள் போய் நின்றுகொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது. வெள்ளைத்துரை கொஞ்ச நேரம் பொறுத்து அவள் பக்கத்தில் போனான், தொடவில்லை.

"குடுத்துட்டு வருவோம். ரத்தந்தான."

"ரெண்டு பேருக்கும் இருந்துட்டா?"

"இருந்துட்டா என்ன செய்யன்னு எனக்கும் தெரியல. தெரியாமக் கட்டிட்டுப் பின்னால அழுகுறதுக்கு, தெரிஞ்சுக்கிட்டு இப்ப ரெண்டு பேரும் சேந்து அழுதுக்கிருவோம்."

வீட்டில் பெரியம்மாள் ஆடிய ஆட்டத்தை விவரிக்க வேண்டாம். எங்கண்ணன் ரத்தத்தில் கோளாறு சொல்ல நீ யார் என்றாள், அந்த அண்ணனின் மகளைப் பார்த்தே. அத்தைக்கும் மருமகளுக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் கிட்டங்கியில், கை காயைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, பெரியம்மாள் தலை நிமிராமல் கேட்டாள்.

"சின்ராசுக்கு அது எங்கிட்ட இருந்துதான வந்துருக்கும்?"

"ஆமா அத்தை."

"அப்ப எம்பேத்திக்கு நாந்தான் குடுத்தேனா?"

"ஒங்களுக்கே தெரியாதுல்ல அத்தை. எங்கப்பாவும் அப்படித்தான். தெரியாமத்தான எல்லாரும் குடுத்துருக்கோம்."

பெரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏலக்காய் கை கண்ணில் பட்டு எரிந்தது. "பரிசத்தத் தள்ளி வைக்கச் சொல்லிட்டேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "போய்ட்டு வரச் சொல்லு ரெண்டையும்."

ஆனி முழுக்கக் காற்று. போடியில் அந்த மாதம் கதவைத் திறந்துவைக்க முடியாது. காயப்போட்ட துணி பக்கத்துத் தெருவில் கிடைக்கும். மதுரையில் கொடுத்த ரத்தத்துக்குப் பதில் வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. மலையில் மழை பிடித்து முதல் காயெடுப்புக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்தார்கள். பதில் வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று போன் வந்த அன்று சுஜாதாவும் வெள்ளைத்துரையும் காலை பஸ்சில் போனார்கள். அமுதவள்ளிக்கு வீட்டில் உட்கார முடியவில்லை, கிட்டங்கியிலும் முடியவில்லை. பள்ளிவிட்டு வந்த பிள்ளையை ஸ்வெட்டர் போட்டுத் தூக்கிக்கொண்டு, மலையிலிருந்து ஆள் இறக்கப் போகும் புருஷனின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

திரும்பும்போது வண்டி நிறைய ஈரமும் பச்சைக்காய் வாசமும். பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, யார் காலை யார் மிதித்தது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். போடிமெட்டில் டவர் கிடைத்ததும் அமுதவள்ளியின் போன் அடித்தது. சின்ராசு வண்டியை ஓரங்கட்டினான். பின்னால் சண்டை நின்றது. விஷயம் அந்த ஜீப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"மதினி" என்றாள் சுஜாதா. அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

"சொல்லு ஆத்தா. எதுன்னாலும் சொல்லு."

"அவருக்கு இருக்காம் மதினி. எனக்கு… எனக்கு இல்லையாம். நல்லாத் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டேன். எனக்கு இல்லாததால புள்ளைக்கு இந்த நோவு வராதாம். பொறக்கிறதுல ஏதாச்சும் ஒண்ணு அவர மாதிரி சும்மா சொமந்துக்கிட்டு இருக்கலாமாம், அதுக்கும் இது வராதாம்."

பின்னால் இருந்த பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். மலைப்பாதையில் எதிரே வந்த கேரளா லாரிக்காரன் கல்யாண வண்டி என்று நினைத்து ஆரன் அடித்துக்கொண்டு போனான். அமுதவள்ளி சிரித்தாள், அழுதாள், போனை யார் கையிலோ கொடுத்தாள்.

பெண்களையெல்லாம் தெருத்தெருவாக இறக்கிவிட்ட பிறகு வண்டியில் மூன்று பேர்தான். தமிழினி அம்மா மடியில் கண்ணை மூடிக் கிடந்தாள். சின்ராசு ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"நமக்கும் அப்பவே யாராச்சும் இதச் சொல்லியிருந்தா?"

அதையேதான் அமுதவள்ளியும் போடிமெட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தாள். நாத்தனாருக்காக அத்தனை சந்தோஷப்பட்ட மனசுக்குள் ஒரு மூலையில் பொறாமையும் இருந்தது. நம்மில் ஒருவருக்காவது இல்லாமல் போயிருக்கக்கூடாதா என்றுதான் இருந்தது.

"சொல்லியிருந்தா ஒங்களக் கட்டியிருக்க மாட்டேன்" என்றாள். "இவ இருந்துருக்க மாட்டா." மடியில் கிடந்த தலையைத் தடவினாள். "சொல்லியிருக்கலாம்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. சொல்லாததே நல்லதுன்னு சொல்லவும் வரல. பேசாம வண்டிய ஓட்டுங்க."

அவன் ஓட்டினான். ஒரு கையை மட்டும் எடுத்து அவள் கைமேல் வைத்தான், வளைவு வந்ததும் எடுத்துக்கொண்டான்.

தெருமுனையில் வண்டி நின்றதும் தமிழினி கண்ணைத் திறந்தாள். தூங்கவே இல்லை போலிருக்கிறது.

"எறக்கி விடு. அப்பத்தாகிட்ட நாந்தான் சொல்லுவேன்."

"காத்தடிக்குது தங்கம். தூக்கிட்டுப் போறேன், வாசல்ல எறங்கிச் சொல்லு."

"நடந்து போய்ச் சொல்லுவேன்."

இறக்கிவிட்டார்கள். ஆடிக் காற்று தெருவை வாரிக்கொண்டு போனது. பிள்ளை காலை அகட்டி வைத்து, கையை இரு பக்கமும் விரித்துக்கொண்டு நடந்தாள். சாக்கடைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை விழுந்தாள். அமுதவள்ளி ஓடிவந்து தூக்கினாள். பிள்ளை முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடியும் நடந்தாள். பெரியம்மாள் வாசலில்தான் நின்றிருந்தாள். பேத்தி தனியே வருவதையும், பின்னால் மகனும் மருமகளும் ஒன்றும் சொல்லாமல் வருவதையும் பார்த்து கெட்ட சேதிதான் என்று நினைத்துவிட்டாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

தமிழினி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. சொல் ஒவ்வொன்றாக வந்தது.

"அப்பத்தா… அத்தை பாப்பா… விழாதாம்."

அவள் முகமெல்லாம் சிரிப்பு. அது தனக்கே கிடைத்த நல்ல சேதி மாதிரி இன்னொரு முறையும் சொன்னாள். முட்டியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பெரியம்மாள் அப்படியே உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டாள்.